அந்தரக் கோயிலுக்குப் பன்னிரண்டு ஆப்பு

புஜைரா
6.2.2004, வெள்ளிக்கிழமை

அருமை நாகஜோதிக்கு,

உன் தாய்மாமன், கமுதிச் சீமையின் ஒற்றைச் சிங்கம், புஜைரா மலைத்தொடரின் தற்காலிக அதிபதி, சாரம் கட்டுவோர் குலத்துப் பேரரசன் போர்மேன் சோலைமுத்து எழுதுவது.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். எங்காவது நம்பும்படி இருந்துவிட்டால் எழுது. என் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துக் கவரில் போட்டு பஹ்ரைனுக்கு அனுப்பிவைக்கிறேன். எந்தப் பக்கம் என்பது உன் இஷ்டம்.

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. உன் கல்யாணம் முடிந்து மூன்று வருடமாக எடுப்பதில்லை. ஏர்போர்ட்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு திமிங்கிலம் குறுக்கே படுத்துவிட்டது, அதனால்தான் கல்யாணத்துக்கு வரமுடியவில்லை என்று நான் எழுதியதை நீ இன்னும் ஏற்கவில்லை. சரி. ஆனால் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கத் தெரியாத குணம் உன் அம்மா வடிவக்காவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சீனாவின் வடக்கே ஒரு மலை. மலை என்றால் ஏறிப்போகிற மலை இல்லை, சுவர் மாதிரி நிற்கிற பாறை. அந்தப் பாறையின் நெஞ்சில் ஆயிரத்தைந்நூறு வருடமாக ஒரு மரக்கோயில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே தரை கிடையாது, காற்றுதான். அதற்குள் ஒரு பக்கம் புத்தர். இன்னொரு பக்கம் தாவோ மார்க்கத்துக் கிழவர், வெள்ளைத் தாடிக்காரர். இரண்டு மார்க்கத்துச் சாமியாரும் ஒரே கூரைக்கடியில் குடியிருந்தும் வாசல் தெளிப்பதில்கூடத் தகராறு வந்ததில்லையாம். மலை வழியே போகிற வழிப்போக்கன் எவன் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனானாலும், படுக்க ஒரு மூலை உண்டாம். கமுதியில் ஒரு வேப்பமரத்துக்கு மூன்று கேஸ் நடக்கிறது என்று நான் சொன்னேன். இதையெல்லாம் எனக்குச் சொன்ன சீனாக்காரன் நம்பவில்லை.

அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த இந்த ஊர் ஹோட்டல் முதலாளி ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது. ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கிற மொட்டை மலையில் அதே மாதிரி ஒன்று தொங்கவேண்டும், விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவேண்டும். சிலை கிடையாது, கட்டடம் மட்டும். இதற்காகச் சீனாவிலிருந்து ஒன்பது தச்சர்கள் வந்தார்கள். மேஸ்திரி பெயர் லியு. வயது ஐம்பத்தைந்து இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். அவர்கள் நிற்கவும் தொங்கவும் சாரம் கட்டிக்கொடுக்க உலகம் முழுக்கத் தேடினார்கள். அரபிக்கடல் ஓரமாக ஒரே ஒருவன்தான் அகப்பட்டான். அவன் யார் என்று நீயே ஊகித்துக்கொள்.

லியு நாலு வருடம் சவூதி கேம்பில் பாகிஸ்தான் பட்டாணிகளோடு இருந்தவன். அதனால் இந்தி பேசுவான். என் இந்தியைவிட மோசம், ஆகவே எங்களுக்குள் எல்லாம் தெளிவாகப் புரிகிறது. காலியாகக் கிடக்கிற அறைகளைக் காட்டி, "யே புத்தா கா கம்ரா, வோ தாவோ பாபா கா கம்ரா" என்பான். நடுவே ஒரு கதவு. அதை மட்டும் தினம் ஒரு தடவை திறந்து மூடிப் பார்ப்பான்.

இனி வீரச்செயலுக்கு வருகிறேன். இன்று வெள்ளி, லீவு. நான் மட்டும் சைட்டுக்குப் போய் என் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு அடியில் பாறையிலிருந்து பன்னிரண்டு ஒல்லி மரக்கால்கள் நிற்கின்றன. ஒன்றைத் தொட்டேன். ஆடிற்று! அடியில் ஒரு விரல் இடைவெளி. பன்னிரண்டும் அப்படியே! இவ்வளவு பெரிய கோயிலைத் தாங்குகிற கால் ஊஞ்சலாடுகிறதே, தாயி! இருபத்திரண்டு வருட சர்வீசில் ஆடுகிற காலைப் பார்த்துவிட்டுச் சும்மா போன பாவம் எனக்குக் கிடையாது. பன்னிரண்டு ஆப்பு செதுக்கினேன். சம்மட்டியை எடுத்தேன். காலுக்கு ஒரே அடி! மலை ஓமான் எல்லை வரைக்கும் அதிர்ந்தது. கோயில் ஒரு அங்குலம் ஆகாசத்தைப் பார்த்து எழும்பிற்று. சீனாவில் தூங்கிக்கொண்டிருந்த புத்தரும் தாடிக்காரரும் எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா அது?" என்று கேட்டார்கள். "கமுதிக்காரன்!" என்றேன்.

உன் வீரமாமன்,
சோலைமுத்து

*

ஈசா டவுன், பஹ்ரைன்
15.2.2004

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மீசை இரண்டு பக்கமும் அப்படியே இருக்கட்டும். ஒரு வரியையும் நான் நம்பவில்லை.

உங்கள் கடிதத்தை நாலாகக் கிழித்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள்தான் அங்கே இல்லையே. அன்றைக்கு மண்டபத்தில், "பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டியாரத் தாய்மாமன் எங்கப்பா?" என்று மைக்கிலேயே மூன்று தடவை கேட்டார்கள். முந்நூறு பேர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கடைசியில் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான ராக்கப்பன், "சும்மா வா புள்ள, நானும் ஒரு வகையில மாமன்தான்" என்று கையைப் பிடித்தார். அவர் விரலில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு என் பட்டுப்புடவையில் இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் உங்கள் திமிங்கிலம் வந்து சேர்ந்தது. அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இனிமேல் எழுதவேண்டாம்.

நாகஜோதி

பி.கு.: என் வீட்டுக்காரர் வீரபாண்டி ஏசி மெக்கானிக். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. நான் கிழிப்பதற்குள் படித்துவிட்டார். அவர் ஒன்று கேட்கச் சொல்கிறார்: அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டத் தெரிந்தவன், அந்தக் கால்களை ஏன் ஆடவிட்டான்?

*

புஜைரா
22.2.2004

நாகஜோதிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக் இல்லை, மகாமேதை. அவர் கேட்ட கேள்வியை நான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் என்னையே கேட்டிருக்கவேண்டும்.

அந்தக் கோயிலை அந்தக் கால்கள் தாங்கவே இல்லை, தாயி. பாறையைக் குடைந்து, தடித்த உத்தரங்களை உள்ளே ஆழமாகச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதியின்மேல்தான் கோயில் உட்கார்ந்திருக்கிறது. மலைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீனாவில் முதலில் கால்களே கிடையாதாம். அந்தரத்தில் நிற்கிற கோயிலுக்குள் கால் வைக்க எவனும் துணியவில்லை. அப்புறம் ஜனங்களுடைய பயம் தெளிவதற்காகச் சும்மா நிறுத்திவைத்த கால்கள் அவை. லியு சொன்னான். எப்போது சொன்னான்? எல்லாம் முடிந்த பிறகு சொன்னான்.

நான் ஆப்பு அடித்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை உரசிக்கொண்டாவது மூடிய அந்த நடுக்கதவை ஞாயிற்றுக்கிழமை காலையில் லியு மூடப்போனான். மூடவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். புத்தர் அறைக்கும் தாவோ அறைக்கும் நடுவில் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. அவன் முகம் போன போக்கை நான் சாரத்தின் மேலே இருந்து பார்த்தேன். அன்று எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பன்னிரண்டு ஆப்பையும் தட்டி எடுத்துக் கடலில் போட்டேன்.

ஆமாம். போட்டேன். இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நுனியைத் தூக்கியதில் உத்தரம் பாறைக்குள்ளே கடப்பாரை மாதிரி நெம்பிவிட்டது. போன வாரம் பார்த்தால் ஒரு உத்தரத்தில் முழ நீளத்துக்கு வெடிப்பு. மரம் சரியில்லை, தச்சன் சரியில்லை என்று ஆபீசில் எழுதிவிட்டார்கள். லியுவுக்கு மார்ச் பதினொன்றாம் தேதி டிக்கெட். இந்த மாதிரிக் கோயில் வேலையில் முப்பது வருடம் கைவைத்தவனுக்கு, மரம் பார்க்கத் தெரியாதவன் என்று காகிதம் கொடுத்து அனுப்பப்போகிறார்கள். ஊருக்குப் போனால் அவனை எந்தக் கோயிலிலும் உளி தொட விடமாட்டார்கள். அவன் யாரையும் திட்டவில்லை. வெடித்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டு, "லக்கடி அச்சா தா" என்கிறான். மரம் நல்ல மரம்தான் என்கிறான்.

நேற்று எகிப்துக்கார இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். "நான்தான் சார் ஆப்பு அடிச்சேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "சோலா, போன வாரம் சுறாவோடு மல்யுத்தம் போட்டாய். அதற்கு முந்தின வாரம் சார்ஜாவில் மழையை நிறுத்தினாய். இப்போது கோயிலைத் தூக்கிவிட்டாயா? சீனாக்காரன் உன் தோஸ்த், அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாய். நல்ல மனசு. கலாஸ், பேச்சு முடிந்தது, போய் வேலையைப் பார்."

சத்தியம் பண்ணினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்.

எங்கள் டைம்கீப்பர் சதக்கத்துல்லா, கீழக்கரைக்காரன், வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தான். "அண்ணே, வாயத் தொறந்தாலே ஒங்கள ஒருத்தனும் நம்ப மாட்டான். நீங்க ஆப்பு அடிச்ச அன்னைக்கே எங்கயாச்சும் எழுதி வச்சிருந்தா சொல்லுங்க. அத வச்சிப் பேசுவோம்."

எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மறுநாள் தபால் முத்திரையோடு பஹ்ரைனுக்கு அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். நாலு துண்டானாலும் பரவாயில்லை. கவரோடு அனுப்பு.

சோலைமுத்து

*

ஈசா டவுன்
28.2.2004

மாமாவுக்கு,

உங்கள் அவசரத்துக்காக இந்தப் பதிலை மட்டும் கூரியரில் அனுப்புகிறேன். நாலு துண்டும் இருக்கிறது. கவரும் இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

அந்தக் கடிதத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஆப்பு அடித்தது ஒரு தப்பு. எடுத்துக் கடலில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. விசாவைக் கேன்சல் அடித்து அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றினால்? ஐம்பத்தொரு வயதில் திரும்ப யார் கூப்பிடுவார்கள்? "எந் தம்பி போர்மேன், அவனுக்கு அடியில நாப்பது பேரு" என்று அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்களிடம்கூடச் சொல்கிறாள். அவளுக்கு யார் பதில் சொல்வது? நானா?

இவர் எனக்கு நேர்மாறாகப் பேசுகிறார். "அந்தச் சீனாக்காரனுக்கும் வீட்ல ஒரு நாகஜோதி இருக்கும்ல?" என்கிறார். இரண்டு நாளாக இந்த வீட்டில் சாப்பிடும் நேரம் தவிரப் பேச்சில்லை.

மாமா, நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உண்மை பேசுகிறவர் என்று நான் சாட்சி சொல்லவேண்டும் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து என்னிடம் ஒரு உண்மைகூடச் சொன்னதில்லையே. ஒன்று சொல்லுங்கள். என் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை? திமிங்கிலம் வந்தால் இந்தக் கடிதப்போக்குவரத்து இத்தோடு முடிந்தது.

நாகஜோதி

*

புஜைரா
3.3.2004

நாகஜோதி,

உன் கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் போட்டாகிவிட்டது. உனக்குக் கூறைப்புடவை எடுத்து, அட்டைப்பெட்டியில் உன் பெயரும் எழுதியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் கேம்ப் பாஸ் கூப்பிட்டு, எண்ணெய் டேங்க் வேலை ஒன்று அவசரமாக வருகிறது, லீவை விட்டுவிட்டு நின்றால் உன்னைப் போர்மேன் ஆக்குவோம் என்றான். போகிறதானால் போ, யாரும் தடுக்கவில்லை என்றும் சொன்னான்.

யாரும் தடுக்கவில்லை, தாயி. நான்தான் நின்றேன். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பச்சை ஹெல்மெட் போட ஆசைப்பட்டேன். உன் முகூர்த்த நேரத்தில் நான் டேங்க் உச்சியில் நின்று, நாற்பது பேரை அதட்டிக்கொண்டிருந்தேன். நிறைய சத்தம் போட்டேன் அன்றைக்கு.

இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. திமிங்கிலத்தைச் சொல்ல வெட்கமாக இல்லை.

கடிதத்தை அனுப்பு. அனுப்பாவிட்டாலும் பதினொன்றாம் தேதி வரை தினம் காலையில் அந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். நேற்றும் நின்றேன். இன்றும் நின்றேன். அவர்கள் சிரிப்பதை நிறுத்தட்டும், அப்புறம் நான் நிறுத்துகிறேன்.

விசா போனால் போகட்டும். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சோலைமுத்து

*

ஈசா டவுன்
6.3.2004

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேசாமல் திமிங்கிலமே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றிற்று. அப்புறம் தோன்றவில்லை.

நாலு துண்டையும் இவர்தான் ஒட்டினார். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற டேப். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருக்கும், பயப்படாதீர்கள், எழுத்து எல்லாம் தெரிகிறது. தபால் முத்திரை விழுந்த கவர், உங்கள் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் இரண்டும் கூட இருக்கின்றன. இன்ஜினியருக்கு நான் தனியாக ஆங்கிலத்தில் ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் தமிழில் தருகிறேன்:

"ஐயா, இவர் என் தாய்மாமன். நான் பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாக இவருடைய பொய்களைக் கேட்டு வளர்ந்தவள், ஆகவே இந்த விஷயத்தில் என்னைவிடத் தேர்ந்தவர் வேறு யாரும் கிடையாது. இவர் சொன்ன பொய்கள் ஆயிரம் இருக்கும். எல்லாவற்றிலும் இவர் யானையைத் தூக்குவார், கடலைத் தாண்டுவார், ராஜாக்கள் எழுந்து நிற்பார்கள். தன்னைச் சின்னவனாகக் காட்டுகிற பொய்யை இவர் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் முன்னால் வந்து, தப்பு செய்தேன், மறைத்தேன் என்கிறார். இது அவர் சொல்லும் பொய்யின் சாயலில் இல்லை. பிப்ரவரி ஆறாம் தேதி, வெடிப்பு யார் கண்ணிலும் படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால், பன்னிரண்டு ஆப்பு என்று பெருமையாக எனக்கு எழுதியிருக்கிறார். அதிலிருந்து மலை அதிர்ந்ததையும் புத்தர் எழுந்ததையும் எடுத்துவிடுங்கள். மீதி ஒரு சம்மட்டியும் பன்னிரண்டு ஆப்பும் நிற்கும்."

சரியாக எழுதியிருக்கிறேனா?

விசா போய்விட்டால் நேரே கமுதிக்குப் போகாதீர்கள். எனக்கு முதலில் போன் பண்ணுங்கள். எடுப்பேன்.

நாகஜோதி

*

புஜைரா
12.3.2004, வெள்ளிக்கிழமை

அருமை நாகஜோதிக்கும், டேப் ஒட்டிய மகாமேதை மாப்பிள்ளை வீரபாண்டிக்கும்,

போனில் சொன்னால் நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பாய். ஆகவே எழுதுகிறேன். எட்டுத் திசையும் காதைத் தீட்டிக்கொள்ளட்டும்!

செவ்வாய்க்கிழமை உன் கூரியர் வந்து இறங்கியதும் புஜைரா துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கு ஊதின. ஆபீசில் கூட்டம். இன்ஜினியர், ஹோட்டல் முதலாளியின் ஆள், மூலையில் லியு. சதக்கத்துல்லா எழுந்து, வெள்ளி டேப் மின்ன மின்ன என் கடிதத்தை எடுத்து வாசித்தான். அவனைத் தெரியாதே உனக்கு, ஒரு எழுத்தை விடமாட்டான். "கமுதிச் சீமையின் ஒற்றைச் சிங்கம்" என்பதிலிருந்து ஆரம்பித்து அத்தனையையும் இந்தியில் பெயர்த்தான். கோயில் ஆகாசத்தைப் பார்த்து எழும்பிய இடத்தில் முதலாளியின் ஆள் நாற்காலியிலிருந்து விழுந்தார். புத்தர் "யாருப்பா அது?" என்று கேட்ட இடத்தில் லியு ஒரு சத்தம் போட்டான் பார், மலையில் ஆடுகள் எல்லாம் மேய்வதை நிறுத்தின. அழுகிறானா சிரிக்கிறானா என்று இன்னும் தீர்மானம் ஆகவில்லை.

அடுத்து உன் ஆங்கிலக் கடிதம். அதை இன்ஜினியர் தானே படித்தார். படித்து முடித்ததும் அவர் கண்ணீர் வெள்ளமாகப் பெருகி, பைல்கள் மிதந்து, டைப் அடிக்கிற பிலிப்பினோ மேஜைமேல் ஏறிக்கொண்டான். "இப்படி ஒரு மருமகளைப் பெற்றவனை நான் எப்படித் தண்டிப்பேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தண்டித்தார். பச்சை ஹெல்மெட்டைக் கழற்றி வை, ஆறு மாதத்துக்குச் சாதாரண ஆள், பைப் தூக்கு என்றார். உடனே நான் என்ன செய்தேன்? ஹெல்மெட்டைச் சுழற்றி ஜன்னல் வழியே எறிந்தேன். அது ஓமான் வளைகுடாவைத் தாண்டி ஈரானில் விழுந்தது. அங்கே ஒரு கிராமத்தில் அதற்குப் பூப்போடுகிறார்கள்.

லியுவின் டிக்கெட் கிழிக்கப்பட்டது. அவனுக்குக் கொடுக்க வைத்திருந்த காகிதமும் கிழிக்கப்பட்டது. உன்னை மாதிரி நாலாக இல்லை, நானூறாக. வெடித்த உத்தரத்தை எடுத்துவிட்டு அவனே புதியது செருகப்போகிறான். அந்தச் செய்தி கேட்டுச் சீனாவில் புத்தரும் தாடிக்காரரும் நகர்ந்து உட்கார்ந்து நடுவில் எனக்கு ஒரு முழம் இடம் விட்டிருக்கிறார்கள். கமுதிக்காரன் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளை காலை ஐந்து மணிக்கு டியூட்டி. ஆறு மாதம் தூக்குவேன். ஆறு வருடமானாலும் தூக்குவேன்.

மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு. கப்பலைத் தள்ளு, கண்ணீரைத் தள்ளு, ஈரானைத் தள்ளு. ஒரு சின்ன சங்கதியை மட்டும் விட்டுவை.

நேற்றுக் காலை முதல் நாள். மஞ்சள் ஹெல்மெட். ஆறு மீட்டர் பைப்பைத் தோளில் தூக்கினேன். பைப் தூக்கி மூன்று வருடம் ஆகிவிட்டதே, நேராக நிற்கவில்லை. பின்முனை கல்லில் உரசிக்கொண்டே வந்தது. என் கீழே வேலை செய்த நாற்பது பேரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி மலையில், திடீரென்று பாரம் பாதியாயிற்று. திரும்பிப் பார்த்தேன். பின்முனை லியுவின் தோளில் இருந்தது. கோயில் மேஸ்திரி இரும்புப் பைப் தூக்குகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. "சலோ" என்றான். மேலே வரைக்கும் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

அது நடந்தது.

சோலைமுத்து